டன்மோரின் குறிப்பேடும் என் வலது காலும்

என் வலது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்க்கிறார்கள். "பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று நானே காலை நீட்டிக் காட்டிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்திரண்டு நாளையும் கேட்கிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. சர்க்கரை உள்ள யாராவது படித்தால் அவர்களுக்கு உபயோகப்படும் என்றும் தோன்றியது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் திருத்தணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பெயர் வசந்தா. வயது ஐம்பத்தொன்று, சர்க்கரைக்கு வயது பதினொன்று. கணவர் தணிகாசலம் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறார். நாலு வருடமாக நான் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆட்சிக் காலத்து மதராஸ் படையில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர்தான் ஆய்வுக்குப் பொருள். டன்மோர் என்று பெயர். அவர் கையால் எழுதிய குறிப்பேடு ஒன்று கிடைத்திருந்தது. அதன் நகலைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். "உனக்கும் அந்த வெள்ளைக்காரனுக்கும் என்ன சொந்தம்?" என்று கணவர் கேலி செய்வார். அந்தக் கேலிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பதில் கிடைத்தது.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் மகனுக்கு மலைமேல் முருகன் கோயிலில் கல்யாணம். தாலி கட்டி, சாமி பார்த்து முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. எங்கள் செருப்பெல்லாம் இருந்த வேன், பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டது. வேறு வழியில்லாமல் வெறுங்காலோடு படியில் இறங்கினோம். எல்லாரும் "ஐயோ, அப்பா" என்று குதித்துக் குதித்து ஓடினார்கள். புடவைத் தலைப்பைக் கீழே போட்டு அதன்மேல் நின்றவர்கள் உண்டு. நான் மட்டும் நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கினேன். "டீச்சருக்குச் சூடே தெரியல பாரேன்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்தவர், "கால் கழுவிட்டு அப்படியே நடந்தியா? தரையெல்லாம் ஈரமா இருக்கே" என்றார். நான் கால் கழுவவே இல்லை. உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.  இரண்டு காலிலும் கொப்புளம். வலது காலில் அது உடைந்து, தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு துளி வலி இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவி, துணி சுற்றிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். வலிக்காத புண்ணுக்கு டாக்டர் எதற்கு என்று நினைத்தேன். இடது கால் ஆறிவிட்டது. வலது காலில் எட்டாம் நாள் காலை கட்டைவிரல் கருத்திருந்தது. குளிர் ஜுரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. துணியைப் பிரித்தபோது வந்த வாடை எனக்கே தாங்கவில்லை. உள்ளூர் அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒரு முறைதான் பார்த்தார். உடனே ஊசி போட்டு, கடிதம் எழுதி, ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. சர்க்கரைக் கால்புண்ணுக்கென்றே பெண்களுக்குத் தனி வார்டு. அப்படி ஒரு வார்டு இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் டாக்டர் நிவேதாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, "காலில் படும்போதெல்லாம் ஆமாம் சொல்லுங்க மேடம்" என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணைத் திறந்தால், அவர் இழையை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் பத்துப் பத்து இடத்தில் தொட்டு முடித்தாயிற்றாம்.

"சர்க்கரை ரொம்ப நாள் ஏறிக் கிடந்தா, காலுக்குப் போற நரம்பு உணர்ச்சி இழந்துடும். உங்களுக்கு வலிக்காததாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்கு" என்றார்.

பிறகு சோதனைகள். கருவியைக் காலில் வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார்கள். ரயில் தூரத்தில் போகிற மாதிரி 'ஷ், ஷ்' என்று சத்தம் வந்தது. "ரத்தம் நல்லா ஓடுது, இது பெரிய அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் எலும்பு அரித்துப்போயிருந்தது. சீழைத் துடைத்தெடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க அனுப்பினார்கள். கடைசியாக டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, என் பாதத்தில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த ஓரத்தில் ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காம். அந்தக் கோட்டைத்தான் நான் பாடப்புத்தகம் மாதிரி பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா. திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டப் போகிறவர். வெட்டின கரும்புக் கட்டை காலில் குத்தி, அவருக்கும் என்னைப்போலவே வலி தெரியாமல், பாதம் வீங்கியபிறகு வந்திருந்தார். விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. மகளிடம் சம்மதக் காகிதத்தை வாங்காதே என்று சொல்லிவைத்திருந்தார். வார்டுக்கே அவர் ஒருத்தர்தான் சத்தம்.

இரண்டாம் நாள் கணவர் என் ஆய்வுக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மா படுத்துக் கோட்டையே பார்த்துக்கிட்டு இருக்காதே. உன் வெள்ளைக்காரனைப் படி" என்றார். அவர் பயந்துபோயிருந்தார். அதைக் காட்டிக்கொள்ளாமல் அவர் செய்த உதவி அது.

"இன்னா டீச்சர், எப்பப் பாத்தாலும் படிச்சிகினே கீறீங்க?" என்றார் கன்னியம்மா.

"ஒரு டாக்டர் எழுதினது. கால் வெட்டுற டாக்டர்" என்றேன்.

"ஐய, இங்க கீறவங்க பத்தலையா?" என்றார். ஆனால் கட்டிலில் என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அப்படித்தான் டன்மோர் கதை வார்டில் ஆரம்பித்தது.

டன்மோரின் அப்பா ஸ்காட்லாந்தில் ஒரு துறைமுக ஊரில் செருப்புத் தைப்பவர். மகன் ஓர் அறுவை மருத்துவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். சொந்தமாக வைத்தியம் பார்க்க வசதியில்லை. படைக்கு உதவி மருத்துவர் வேண்டும் என்றதும் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறிவிட்டார். மாதக்கணக்கில் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே மதராஸ் வந்து சேர்ந்தார். சிப்பாய்களோடு நடந்து நடந்து வட ஆர்க்காட்டுப் பக்கமெல்லாம் சுற்றினார். பர்மா யுத்தத்துக்கும் கப்பலில் போனார். யுத்தத்தில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

செருப்புத் தைப்பவர் மகன் என்பதாலோ என்னவோ, சிப்பாய்களின் காலை அவர் விடவே மாட்டார். அணிவகுப்பு முடிந்ததும் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். கொடுக்கிற பாதரட்சை காலைக் கடிக்கிறது என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வராது. மறுபடி எழுதுவார். சண்டைக்காரர் என்று பெயர் வாங்கியதால் அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பதவி உயர்வு பெற்று மேலே போனார்கள்.

"மயக்க ஊசி இருந்துச்சா அப்ப?" என்று கன்னியம்மாவின் மகள் கேட்டாள்.

"இல்ல. நாலு பேர் பிடிச்சுக்குவாங்க. கொஞ்சம் சாராயம் கொடுப்பாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல அறுத்து முடிக்கணும். கையும் கழுவமாட்டாங்க. கிருமின்னு ஒண்ணு இருக்கறதே அப்ப யாருக்கும் தெரியாது."

"அடப் பாவிங்களா" என்று நாலு கட்டிலில் இருந்து குரல் வந்தது.

பிறகு சிப்பாய்களை நடத்திப்போகும் அவல்தார் ஒருவர், வீராசாமி, அவர் கதையைச் சொன்னேன். குறிப்பேட்டிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். பர்மாவில் வீராசாமியின் பாதத்தில் குண்டு பாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் டன்மோர். அவல்தார் கையெடுத்துக் கும்பிட்டு, சில நாள் பொறுங்கள் என்று கேட்டார். டன்மோர் அரைமனதோடு கத்தியை உள்ளே வைத்தார். தினமும் வெந்நீராலும் சாராயத்தாலும் கழுவிக் கட்டினார். இரண்டு வாரத்தில் புதுச் சதை வளர்ந்து புண் சுத்தமானது. வீராசாமி தன் காலிலேயே நடந்து கப்பலேறினார்.

"பாத்தியா!" என்று கன்னியம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எனுக்கும் அப்டித்தான் ஆறிடும். நான் சொல்லிகினே கீறன், எவ கேக்கறா?"

எனக்கும் அதே நினைப்புதான், நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் நிவேதா வந்து கோட்டைப் பார்த்தார். சிவப்பு ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. புது ஓரத்தில் இன்னொரு கோடு போட்டார். "ரெண்டு விரலையும் அதுக்குப் பின்னால இருக்கற எலும்பையும் இன்னைக்கே எடுத்துடலாம் மேடம். இன்னைக்கு எடுத்தா விரலோட போகும். விட்டா எதுவரைக்கும் ஏறும்னு சொல்ல முடியாது" என்றார்.

நான் ஆசிரியை. பதில் தயாராக வைத்திருந்தேன். அவல்தார் கதையை அவரிடமும் சொன்னேன். "மருந்தை மாத்தி நாலு நாள் பார்க்கலாமே. அந்தக் காலத்துலயே பொறுத்துப் பார்த்து ஆறியிருக்கு" என்றேன்.

டாக்டருக்கு எத்தனையோ வேலை. ஆனாலும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்ல டாக்டர் மேடம் அவர்" என்றார். "இப்படித் தள்ளிப்போட்டு ஆறினது ஒருத்தருக்கு. தள்ளிப்போட்டு ஆறாதவங்களைப் பத்தியும் எழுதியிருக்காரா?"

நான் கோப்பைப் பார்த்தேன். எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவல்தார் பக்கங்களுக்கு அடுத்த நாலு பக்கம். மேலோட்டமாகப் பார்த்தபோதே யாரோ சாகப்போகிறார்கள் என்று புரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளிப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் 'பிறகு' ஒரு வருடமாக வரவே இல்லை.

"மத்தியானம் வரைக்கும் யோசிங்க. தியேட்டர்ல உங்க பேரை எழுதி வைக்கிறேன். வேண்டாம்னா அடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளிப்பை எடுத்துவிட்டு அந்த நாலு பக்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தேன். கையெழுத்து மற்ற பக்கங்களைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

வீராசாமி குணமான சில வாரங்களில் ஓர் இளம் சிப்பாய்க்குக் கெண்டைக்காலில் காயம். அவனுடைய அண்ணன் வேறு பிரிவில் இருந்தான், இரண்டு நாளில் வந்து சேர்வதாக இருந்தது. அண்ணன் வந்தபிறகு வெட்டுங்கள், அவன் என்னைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று சிப்பாய் கேட்டான். டன்மோர் சரி என்றார். மூன்றாம் நாள் கருப்பு முழங்காலைத் தாண்டிவிட்டது. தொடையில் வெட்டினார். சிப்பாய் அன்று பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டான். அண்ணன் அதற்கு மறுநாள்தான் வந்தான்.

அதற்குப் பிறகு டன்மோர் தன்னைத்தானே விசாரித்திருந்தார். அந்தப் பையனுக்காகவா பொறுத்தேன் என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் எழுதியிருந்தார். வீராசாமி காலைக் காப்பாற்றிய பெருமை தலைக்கு ஏறியிருந்ததாம். இன்னொரு முறையும் அதே பெயரை வாங்க ஆசைப்பட்டாராம். வீராசாமியின் புண் முதல் நாளிலிருந்தே ஏறாமல் நின்ற இடத்தில் நின்றது, இவனுடையது மணிக்கு மணி ஏறியது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தும் நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அங்கே நிறுத்தினேன். குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன். காலையில் டாக்டர் போட்ட இரண்டாவது கோட்டையும் சிவப்பு தாண்டியிருந்தது.

"ஏங்க, டாக்டர் அம்மாவைக் கூப்பிடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றேன்.

அவர் எழுந்து இரண்டடி போனவர், திரும்பி வந்து, "வசந்தா, நல்லா யோசிச்சுத்தானே?" என்று கேட்டார்.

"நல்லாப் படிச்சுத்தாங்க."

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. கன்னியம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். என் கதையை நம்பித்தான் அவர் அன்று காலையும் டாக்டரை விரட்டியடித்திருந்தார். பாதிக் கதையை நான் சொன்னதால் வந்த வினை. ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"கன்னியம்மா, அந்தக் கதைல மீதி இருக்கு" என்றேன். சிப்பாய் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். நானும் அந்தப் பக்கங்களை இன்றைக்குத்தான் படித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் விருட்டென்று என் பக்கம் திரும்பினார். வெடித்தார். "நல்லதா ஒரு கதைய சொல்லி ஆச காட்டிட்டு, இப்ப வந்து செத்துட்டான்றியே டீச்சர். இத மொதல்லயே சொல்லக் கூடாதா நீ?" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பாடம் நடத்தற பொம்பள பாதிய முழுங்கிட்டு நடத்துவியா?"

 "தப்புதான். மன்னிச்சுக்கோங்க" என்றேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்துக்கும் காலுக்கும் நடுவே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டியிருந்தார்கள். எலும்பை அறுக்கிற சத்தம் கேட்டது. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வலது கை விரலில் மாட்டியிருந்த கருவி என் நாடித் துடிப்பை ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டே கிடந்தேன். "முடிஞ்சது மேடம், ஓரமெல்லாம் நல்ல ரத்தம்" என்று திரைக்கு மேலே டாக்டர் நிவேதாவின் கண்கள் சிரித்தன.

வார்டுக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.  கன்னியம்மாவின் மகள் ஓடி வந்தாள். "அம்மா ஒத்துக்கிச்சு டீச்சர். நீங்க உள்ள போனதும் டாக்டர் அம்மாவ கூப்புட்டு, கைநாட்டு வெச்சிடுச்சு. அடுத்த ஆளா உள்ள கூட்டினு போயிட்டாங்க."

அவருக்கு என்னைவிட நாளாகியிருந்ததால் பாதத்தின் முன்பாதியையே எடுக்க வேண்டியிருந்தது. குதிகால் தப்பித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். கன்னியம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவருடைய மகள் வெளியிலிருந்து இட்லி வாங்கி வந்தபோது, "அந்த டீச்சருக்கு ரெண்டு குடு. காலைலேந்து கஞ்சிய வெச்சிகினு மூஞ்ச சுளிச்சிகினு கீது" என்றார். அத்தோடு சண்டை முடிந்தது.

பிறகு நடந்ததெல்லாம் பொறுமையாக இருக்க வேண்டிய வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் பிரிப்பார்கள். புண்மேல் பஞ்சு வைத்து, குழாய் மாட்டி, சின்ன மோட்டாரால் கசிவை உறிஞ்சுவார்கள். அதன் அடியில் புதுச் சதை வளரும். ஒரு நாளைக்கு நான்கு வேளை விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். கணவர் தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொண்டார். முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். என் வயிற்றில் முதல் ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறந்துக்கிட்டுப் போடுங்க" என்று அதட்ட வேண்டியிருந்தது.

நானும் கன்னியம்மாவும் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிய நாட்களில்தான் டன்மோர் கதையை முடித்தேன். முன்பு மாதிரி இல்லை. இப்போது ஒரு பக்கத்தையும் தாண்டாமல் சொன்னேன். சிப்பாய் இறந்தபிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தன் கையால் வெட்டிய ஒவ்வொருவரின் விவரத்தையும் பிழைத்தாரா, இறந்தாரா, தன் தப்பு என்ன என்று சேர்த்தே எழுதினார். யுத்தம் முடிந்து மதராஸில் படை ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்தார். வயதானபோது ஒரு நாள் கை நடுங்கியது. யாரும் கவனிக்கவில்லை. அவரே தன் கத்திப் பெட்டியை அடுத்து வந்த மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, இனி நான் வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு காய்ச்சல்காரர்களை மட்டும் பார்த்து, ஓய்வுபெற்றுக் கப்பலேறினார். பெரிய பதவி, பட்டம் எதுவும் வாங்கவில்லை.

வாக்கரில் சாய்ந்து நின்றபடி கன்னியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"ஆங், அவ்ளோதான்."

"தப்பு பண்ணத அவனே எழுதி வெச்சானா? கேக்க ஒரு ஆளு இல்லாதப்பவே?"

"அவரேதான்."

 கன்னியம்மா கட்டுப் போட்ட காலை மெல்ல முன்னால் எடுத்து வைத்து, குதிகாலை ஊன்றிப் பார்த்தார். நின்றது.

"அப்டீன்னா, அவன்கிட்ட நான் கால குடுப்பேன்" என்றார்.